சாயாமல் நின்ற கொடி

அண்ணா,

இன்று காலை என் ஜன்னலோரப் பெரணிக்குத் தண்ணீர் தெளித்தபோது நனைந்த தேங்காய் நார் மணந்தது. சங்ககிரியில் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து படுமே, அதே மணம். பெரணி இன்னும் நீங்கள் வைத்த பழைய லாரி ஹெட்லைட் கூட்டில்தான் இருக்கிறது. பல்பு இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிகிறது.

லாரி வேலைநிறுத்தம் பற்றிப் பத்திரிகையில் எழுத உங்களைத் தேடி முதன்முதலில் வந்தேன். சித்திரை வெயிலில் செருப்பு தாரோடு ஒட்டியது. உள்ளே நுழைந்ததும் வந்த வேலை மறந்து நின்றேன். அந்தச் சின்னக் கூடத்தில் சுவரே தெரியவில்லை. ஏர் ஃபில்டர் டப்பாக்களிலும் கிரீஸ் வாளிகளிலும் செடிகள். வெள்ளிப் புள்ளி போட்ட கொடி ஒன்று லாரிக் கயிற்றைப் பற்றி ஏறி, கூரையின் கீழ் கூடத்தையே சுற்றி வந்திருந்தது. எல்லாமே நீங்கள் லோடு இறக்கிய ஊர்களில் கேட்டு வாங்கி, தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கேபினில் கொண்டுவந்தவை. செடியின் பெயர் தெரியாததால் ஊரின் பெயரே அதற்குப் பெயர்.

கொடி நாக்பூர், பெரணி கவுகாத்தி என்று உங்கள் மனைவிதான் எனக்கு அறிமுகம் செய்தார். "ஃபோன் பண்ணுனா மொதல்ல கவுகாத்தி எப்புடி இருக்குதுன்னுதானுங்க கேப்பாரு. நான் இருக்கறனா இல்லியான்னு அப்பறந்தான்."

"நீ பேசற. அது பேசாதல்ல" என்றீர்கள்.

ஊருக்கு வந்ததும் உங்கள் முதல் வேலை, தொட்டி ஒவ்வொன்றையும் கால்வாசி திருப்பி வைப்பது. ஒற்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். டயரை மாற்றிப் போடாவிட்டால் ஒரு பக்கமே தேய்வதைப்போல என்றீர்கள்.

பிறகு ஒருமுறை உங்கள் வண்டியிலேயே நாக்பூர் வரை வந்தேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் அதே கொடியின் சிறு தண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது. இதை யார் திருப்புகிறார்கள் என்று கேட்டேன்.

"ஆருந் திருப்பறதில்லீங்க தம்பி. போறப்ப ஒரு பக்கம் வெளிச்சம், வாறப்ப மறுபக்கம். ரோடே திருப்பி உட்ருது."

அடுத்த ஊர் வரும்வரை நான் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் போன பிறகு அண்ணி வாடகை வீட்டைக் காலி செய்து, நாமக்கல்லில் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே செடிகளுக்கு இடமில்லை. வெளியில் வைத்தால் வெயிலில் கருகிவிடும். "இதுகள எங்கீங்க தம்பி உடறது? நாம்பாட்டுக்கு உட்டுட்டுப் போனா அவரு என்ன நெனப்பாரு?" என்று கேட்டபடி கூடத்தின் நடுவில் நின்றார்.

காரியத்துக்கு வந்திருந்த டிரைவர் ஒருவர் கொடியில் ஒரு தண்டை ஒடித்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். அண்ணி கதவருகே நின்று, வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று விசாரித்து விசாரித்துக் கொடுத்தார். நாக்பூர், நாக்பூர் வண்டியிலேயே ஏறியது. மாலையில் உங்கள் வீட்டுச் சுவரை நான் முதல்முறையாகப் பார்த்தேன். நீல வண்ணம் அடித்திருந்தீர்கள். கவுகாத்திக்கு மட்டும் அன்றைக்கு வண்டி இல்லை. அதனால்தான் பெரணி என்னிடம் வந்தது.

போன வாரம் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏற்ற நின்ற லாரிகளுக்கு நடுவே, ஒரு மகாராஷ்டிர வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளிப் புள்ளி இலைகள் தெரிந்தன. கொடி நேராக நின்றது. என் அரைகுறை இந்தியில் டிரைவரிடம் விசாரித்தேன். நாக்பூரில் யாரோ ஒரு டிரைவர் தண்டு கொடுத்தாராம். உங்களை அவருக்குத் தெரியாது. செடியின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"சங்ககிரி" என்றார்.

அண்ணா, கொடியைத் திருப்பிவிடச் சாலை இருக்கிறது. என் பெரணி ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. தெளித்து முடித்ததும் ஹெட்லைட் கூட்டைக் கால்வாசி திருப்பி வைத்தேன்.