அப்பாவுக்கு வந்தது காய்ச்சல் இல்ல

அன்பு மகனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோட எழுதுறது. நீயும் மருமகளும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். இங்க நாங்களும் சுகம்னு எழுதலாமா கூடாதான்னு எனக்கே இப்பத்தான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு, முழுசும் படிச்சுட்டு நீயே முடிவு பண்ணிக்கோ. போன்ல சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. நம்ம வீட்டுல போன் பேசினா ஹால்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் கேக்கும், அப்பா இப்ப அந்த ரெண்டு இடத்துல ஒண்ணுலதான் இருக்கார்.

போன தடவை நீ பேசினப்ப அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னேன்ல, அது காய்ச்சல் இல்லப்பா. மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கு. பயப்படாதே, நல்லபடியா முடிஞ்சு மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பையன்கிட்ட போய் இதைச் சொல்லுவியா, என் மானம் என்னாகுறதுன்னு அப்பாதான் என் வாயை அடைச்சுட்டார். இத்தனை வருஷமா பஸ் ஓட்டுற மனுஷன், நடுவழியில இறங்க முடியாதுன்னு தண்ணியே குடிக்காம, வந்ததையும் அடக்கி அடக்கியே இதை வளர்த்துக்கிட்டார்னு டாக்டரம்மா சொன்னாங்க. ரத்தம் ரொம்பப் போயி டிப்போவுல தலை சுத்தி உட்கார்ந்ததுக்கு அப்புறம்தான் கூடப் படுத்து எழுந்திருக்கிற எனக்கே தெரியும்னா பாரேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எல்லாத்தையும் தெளிவாத்தான் சொன்னாங்க. தண்ணி நிறையக் குடிக்கணும், கீரையும் பழமும் சாப்பிடணும், மலம் இளகுறதுக்கு சிரப், போயிட்டு வந்ததும் டப்புல வெதுவெதுப்பான தண்ணி வெச்சு அதுல உட்காரணும், வீட்டுக்குள்ளயே நடக்கணும், முக்கக் கூடாது. நானும் நல்லாத் தலையாட்டிட்டு வந்தேன். இங்க வந்தா ஆளுக்கு ஆள் டாக்டர். புண்ணுல தண்ணி பட்டா சீழ் வெச்சுடும்னு உன் அத்தை நான் வெச்ச டப்புத் தண்ணியைக் கொண்டுபோய்க் கொட்டினா. அப்பா பஸ்ஸுல கண்டக்டரா இருக்காரே, அந்த ஒல்லி, அவர் வந்து அண்ணே அசையவே அசையாதீங்க, தையல் விட்டுப் போயிடும்னார். எனக்கு எது சரின்னே புரியல. அத்தை இருக்கும்போது தண்ணியை எடுத்துடுவேன், அவ படி இறங்கினதும் மறுபடி கொண்டுவந்து வெப்பேன். நடங்கன்னு நானே சொல்லுவேன், நடந்தா ஐயோ பார்த்துன்னு நானே போய்ப் பிடிச்சு உட்கார வெப்பேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்ல. கிளம்புறப்ப டாக்டரம்மா, எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கோம், அடுத்த தடவை வரும்போது சொல்றோம்னு போற போக்குல ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. எதுக்குன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, பின்னாடி இன்னொருத்தர் நின்னுக்கிட்டிருந்தார், கேக்காம வந்துட்டேன். அப்பாவும் பக்கத்துலதான் நின்னார், அவரும் கேட்டிருப்பார். அதுக்கப்புறம் பார்த்தா சாப்பாட்டை நிறுத்திட்டார். கஞ்சியை முன்னாடி வெச்சா ரெண்டு வாய் குடிச்சுட்டுப் பசிக்கலம்பார். பாத்ரூம் போயிட்டு வந்தா ஆச்சான்னு கேப்பேன், ஆச்சும்பார். சாப்பிடாத மனுஷனுக்கு எப்படி தினம் வெளிக்கு ஆகும்னு யோசிக்கக்கூட எனக்கு அப்ப புத்தி வேலை செய்யல. முகம் சுண்டிப் போச்சு. அந்தப் பெரிய நோய்தான், அது தெரிஞ்சுதான் மனுஷன் மனசை விட்டுட்டார்னு நானா நினைச்சுக்கிட்டு, குழாயைத் திறந்து விட்டுட்டு சமையல்கட்டுல நின்னு அழுவேன். என் கண்ணு சிவந்திருக்கிறதைப் பார்ப்பார், ஏன்னு கேக்க மாட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தண்ணி மோட்டார் நின்னுபோனா எந்த இடத்துல தட்டணும், எந்த வால்வைத் திருப்பணும்னு பொறுமையா சொல்லிக் கொடுத்தார், நான் மறுபடி குழாயைத் திறக்கப் போயிட்டேன்.

அதுக்கு மறுநாள் காலையில வயிறு கல்லு மாதிரி ஆகி, வேர்த்து விறுவிறுத்து, பாத்ரூம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். ஒல்லிக்கு போன் பண்ணி வண்டி கொண்டுவரச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். வார்டுல ஒரு நர்சம்மா, நல்ல உயரம், பேசினா அடுத்த வார்டுக்கும் சேர்த்துக் கேக்கும். கடைசியா எப்ப வெளிக்குப் போனீங்கன்னு கேட்டாங்க. இவர் தினம் போறேனேன்னார். அவங்க வயித்தை ஒரு அமுக்கு அமுக்கிட்டு, அப்படியா, அப்ப உள்ள இருக்கிறது யாரோடதுன்னாங்க. அவ்வளவுதான், அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஒரு தடவைகூடப் போகலையாம். முதல்ல உட்கார்ந்தப்ப உயிர் போற வலியும் நாலு சொட்டு ரத்தமும் வந்திருக்கு, தையல் கிழியப் போகுதுன்னு பயந்து எழுந்து வந்துட்டார். சாப்பிட்டாத்தானே வரும்னு சாப்பாட்டையும் தண்ணியையும் நிறுத்திட்டு, சிரப்பை வாஷ்பேசின்ல ஊத்தியிருக்கார்.

எனக்கு எங்கேர்ந்து ஆவேசம் வந்துச்சோ, அப்ப அந்த நோய்னு பயந்து சாப்பிடாம இருக்கலையான்னு கத்திட்டேன். இவர் திருதிருன்னு முழிச்சு, எந்த நோய், நீதானே மூலைக்கு மூலை நின்னு அழுதே, டாக்டரம்மா உன்கிட்ட மட்டும் ஏதோ சொல்லியிருக்காங்க, நான் இனி தேற மாட்டேன்னு நினைச்சுத்தான் மோட்டாரையெல்லாம் சொல்லி வெச்சேன்கிறார். நர்சம்மா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு நேரா போய் டாக்டரம்மாவையே கூட்டிட்டு வந்துட்டாங்க. சோதனை முடிவு வந்தாச்சாம், புத்துநோயெல்லாம் ஒண்ணும் இல்லையாம், வெறும் மூலம்தான், வழக்கமா அனுப்புறதுதானாம். நான் அங்கேயே கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

எனிமா கொடுத்து ஒருவழியா சரி பண்ணினாங்க. சாப்பிடாம இருந்தாத்தான் இறுகிக்கிட்டு இன்னும் வலிக்கும், நாலு சொட்டு ரத்தம் வர்றது சகஜம், நிக்காம வந்தாலோ காய்ச்சல் அடிச்சாலோ சிறுநீர் போகலைன்னாலோ உடனே வாங்கன்னு டாக்டரம்மா பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. வெளிய நின்ன ஒல்லி விஷயம் தெரிஞ்சதும், அண்ணே, ஸ்டாப்பிங்ல நிறுத்தாம ஓட்டினா உள்ள இருக்கிறவன் சும்மா இருப்பானான்னார். சிரிக்க வைக்காதடா வலிக்குதுன்னு அப்பா சிரிச்சார், அவர் சிரிச்சுப் பார்த்து எத்தனையோ நாளாச்சு.

இப்ப கீரை, பழம், தண்ணி எல்லாம் உள்ள போகுது, ஹாலுக்கும் பின்வாசலுக்கும் நடக்கிறார். எனக்குத்தான் ஒண்ணு இன்னும் விளங்கல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அவர் என்னைக் கேக்கல, நான் அவரைக் கேக்கல, ஏன்? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், பிடிபட மாட்டேங்குது. உனக்கு ஏதாவது தெரிஞ்சா எழுது. இன்னைக்குக் காலையில பாத்ரூமுக்குள்ளேர்ந்து, ஏய், கொஞ்சம் ரத்தம் இருக்கிற மாதிரி இருக்கு, இது சகஜமான ரத்தமா இல்ல வேற மாதிரியான்னு வந்து பாரேன்னு கூப்பிட்டார். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் என்னை இப்படிக் கூப்பிட்டதே இல்ல. எனக்குச் சிரிப்பா அழுகையான்னு தெரியல, கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். சகஜம்தான்.

நீயும் நாள் முழுக்க நாற்காலியிலயே உட்கார்ந்திருக்கிறவன், எழுந்து நட, தண்ணி குடி. உடம்புல எந்த இடத்துல வலிச்சாலும் அம்மாகிட்ட சொல்லு, வெக்கப்படாதே. மருமகளும் நீயும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும். போன் பண்ணும்போது மறக்காம அப்பாகிட்ட நேராவே கேளு, காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டுடாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அம்மா