பதில் செயலாளர்

அன்பு மகன் றிஷாட்டுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் காவலில் வாப்பா, நான், உன் தங்கச்சி ஸுஹைனா, நீ நட்ட மாங்கன்று எல்லாரும் சுகம், அந்தச் சுகம் கட்டாரில் உனக்கும் குறையாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்க கடிதம் எதுக்கு என்று சிரிப்பாய். நான் அனுப்புகிற வொய்ஸை எல்லாம் நீ வேகத்தைக் கூட்டி, அணில் கத்துகிற மாதிரி ஓட விட்டுத்தான் கேட்கிறாய் என்று உன் தங்கச்சி காட்டித் தந்துவிட்டாள். கடதாசியை அப்படி ஓட்ட ஏலாதுதானே மகன். கட்டாரிலிருந்து லீவில் வந்த ஜிப்ரி வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். என் கண்ணாடியின் கால் உடைந்து நூல் கட்டிக் கிடக்கு, அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் ஸுஹைனா. சொன்னதை மட்டும் எழுது என்று கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறேன். (காக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் உங்கட தங்கச்சி நான். உம்மா கண்ணாடி போடாத வரைக்கும் எனக்குச் சுதந்திரம்.)

வாப்பாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கு, ஆனாலும் வாழைச்சேனைச் சந்தைக்குப் போனால் கள்ளமாய் ஒரு பால் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வருகிறார், மீசையில் நுரை காட்டிக் கொடுக்குது. ஆற்றில் இறால் நல்லாய்ப் படுகிறது, நீ இல்லாமல் பொரிக்க மனம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பொரித்தோம், உன் பங்கையும் இவள்தான் தின்றாள். உம்மு குல்தூம் மாமி உன் கலியாணம் எப்ப என்று திரும்பவும் கேட்டா. (கட்டாருக்குப் போனவர் கட்டார் என்று நான் பதில் சொல்லிவிட்டேன்.)

இப்போ முக்கியமான கதைக்கு வாறன். ஊர்க் கலைக் குழுக்கள் நிகழ்ச்சி வைக்க பிரதேச சபையால் நிதியுதவி தருகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நீ தொடங்கின பொல்லடிக் கலைக்கழகம் நீ போன மூன்று வருசமாய் ஒரு மேடையும் ஏறவில்லை, ஆட்டத்தில் உனக்குச் சோடியாய் நின்ற பாஹிம் இப்போ பொல்லால் மாங்காய் அடிக்கிறான். கேட்டுத்தான் பார்ப்போம் என்றார் வாப்பா, அவர்தானே தலைவர். படிவத்தை நிரப்ப உன் தங்கச்சியிடம் கொடுத்தோம், அதுதான் நாங்கள் விட்ட பிழை. நிகழ்வு என்ற இடத்தில் பொல்லடி, பங்குபற்றுவோர் பன்னிரண்டு பேர், பாவிக்கும் பொருள் பொல்லு, ஆளுக்கு ரெண்டு, எதிர்பார்க்கும் விளைவு என்ற இடத்தில் ஊர் முழுக்கச் சத்தம் கேட்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். (எல்லாம் உண்மைதானே காக்கா.) சபையில் அந்த வேலையைப் பார்க்கிற பிள்ளை அகீலா பதுளைப் பக்கமிருந்து புதிதாய் மாற்றலாகி வந்தவ, பொல்லடியைக் கண்ணால் கண்டதில்லை. அடி யாருக்கு, பொலிஸ் அனுமதி எங்கே என்று சிவப்பு மையால் எழுதிப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டா. (கலைக்கழகத்தைக் கலைத்து விட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான்.) கலாசாரப் பகுதிக்குப் பொறுப்பான கனகசிங்கம் சேர் தேற்றாத்தீவுக்காரர், பொல்லடி தெரிந்தவர், அவர் கண்ணில் தண்ணி வரச் சிரித்துவிட்டு, இது சண்டை இல்ல பிள்ள, சோடி சோடியாய் நின்று பாட்டுக்குப் பொல்லுத் தட்டி ஆடுற ஆட்டம், ஒருத்தரும் சாக மாட்டார்கள் என்று விளங்கப்படுத்தி, வாப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் இன்னொன்று கேட்டார், அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செயலாளர் றிஷாட்டை ஒப்பம் வைக்க வரச் சொல்லுங்க என்றாராம். கட்டாரில் என்றார் வாப்பா. அப்படியென்றால் ஏலாது, செயலாளர் இங்கே வசிக்கிற ஆளாய் இருக்க வேணும், கூட்டம் போட்டு, புத்தகத்தில் அந்தப் பேரை வெட்டி, வேறு ஆளைப் போட்டுப் புதன்கிழமைக்குள் கொண்டு வாங்க, பிந்தினால் அடுத்த வருசம்தான் என்றாராம்.

மகன், உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருசம் கிராம சேவகர் வந்து, இல்லாத ஆளை எழுத ஏலாது என்று வாக்காளர் இடாப்பில் உன் பேரை எடுத்துவிட்டார். சட்டம் அப்படி, அவரில் கோபமில்லை. பள்ளிவாசல் சந்தாப் புத்தகத்தில் உன் பேர் இருந்த வரியில் இப்போ வேறு ஆள். விளையாட்டுக் கழகத்தில் உன் ஏழாம் இலக்கச் சட்டையை ஒரு சின்னப் பொடியன் போட்டுக்கொண்டு ஓடுகிறான், முழங்கால் வரைக்கும் கிடக்கு. ஊரில் உன் பேர் எழுதிக் கிடக்கிற கடைசிக் கடதாசி அந்தக் கூட்டப் புத்தகம்தான். உழைக்கப் போன பிள்ளைதானே, மௌத்தாகி மண்ணுக்குள் போன பிள்ளையா வெட்டுறதுக்கு என்று வாப்பாவிடம் கேட்டேன்.

செவ்வாய் அஸர் தொழுகைக்குப் பிறகு நம்மட வளவில் கூட்டம், பதினொரு பேர் வந்தார்கள். வாப்பா பேனையை எடுத்தார், அடிமட்டத்தையும் எடுத்தார், கோடு நேராய் விழ வேணுமாம். நான் தட்டோடு வந்து நின்று, அந்தப் பேரில் கோடு விழுந்தால் தேத்தண்ணி குசினிக்குத் திரும்பிப் போகும் என்றேன். தட்டை வைத்துவிட்டுக் கோபியுங்க மாமி, ஆறப் போகுது என்றான் பாஹிம். எல்லாரும் சிரித்தார்கள், வாப்பா சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் ஆசையா வெட்ட, என்ன செய்யச் சொல்றாய் என்று பேனை மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாய் இருந்தார். அப்போது இவள் ஜன்னலுக்குள் இருந்து கத்தினாள், எங்கட பள்ளிக்கூட அதிபர் சுகமில்லாமல் லீவில் போனார், பலகையில் அவர் பேரை ஒருத்தரும் அழிக்கவில்லை, பதில் அதிபர் என்று ஒருத்தர் வந்து ஒப்பம் வைக்கிறார், நீங்களும் பதில் செயலாளர் போடுங்களேன் என்று. (மெஸேஜுக்குப் பதில் போடாத செயலாளருக்குப் பதில் ஒரு பதில் செயலாளர் என்றும் சொன்னேன், அதை எழுதவேண்டாம் என்கிறா உம்மா.) எல்லாரும் பாஹிமைப் பார்க்க, அவன், பொல்லுக் கட்டை அரிசிப் பெட்டிக்கு மேல் பத்திரமாய் வைத்திருக்கிறது யார், ஆட்ட உடுப்பைத் தோய்த்து மடித்தது யார், இந்தப் புத்தகத்தைக் கறையானுக்குக் கொடுக்காமல் காத்தது யார், மாமியே இருக்கட்டும் என்றான். பொம்புளயா என்று ஒரு குரல் வந்தது. தேத்தண்ணித் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன், ஏகமனதாய்த் தீர்மானம் நிறைவேறியது.

நேற்றுச் சபைக்குப் போனோம். ஒப்பத்தைச் சரியாய்க் கோட்டுக்கு மேலேயே வைத்தேன். உதவி கிடைக்குமா இல்லையா என்று அடுத்த மாதம்தான் தெரியுமாம். ஒத்திகை பார்க்க அகீலாவும் வாறாவாம், தூரத்தில்தான் நிற்பாவாம். கனகசிங்கம் சேர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பதில் என்றால் எதுவரைக்கும், அதையும் எழுத வேணும் என்றார். என் மகன் வரும்வரைக்கும் என்றேன். திகதி இல்லாமல் எப்படி சேர் என்று அகீலா மெல்லக் கேட்டா. அவர் பேனையை எடுத்து, தன் கையாலேயே, செயலாளர் திரும்பி வரும்வரை என்று எழுதி, பக்கத்தில் முத்திரையும் குத்தினார். வெளியே வந்ததும் வாப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து மை காயும்வரை ஊதிக்கொண்டு நின்றார். நீ வருவாய் என்று இப்போ சபை முத்திரையோடு எழுதிக் கிடக்கு மகன், இனி நான் மட்டும் சொல்கிற கதை இல்லை.

ஜிப்ரியிடம் இறால் சம்பல் ஒரு போத்தல் கொடுத்து விடுகிறேன், அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சாப்பிடு. வெயிலில் வேலை செய்யும்போது தண்ணி குடி, தலையை மூடு. லீவு கேட்க வெட்கப்படாதே. போகிற வழியும் வருகிற வழியும் அல்லாஹ் உனக்கு லேசாக்கி, தந்ததைப் பெருக்கிப் பறக்கத் செய்து, உன்னை முகம் வாடாமல் என் வாசலில் கொண்டு வந்து சேர்க்கட்டும். மறக்காதே, இதுக்குப் பதில் கையால் எழுதி அனுப்பு, புத்தகத்துக்குள் வைக்க வேணும்.

(கீழே உள்ளது மட்டும் உம்மாவின் கையெழுத்து. கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வைத்தது. என் அடைப்புக்குறிகளை இன்னும் காணவில்லை, துஆ செய்யுங்க காக்கா.)

உன் உம்மா
றபீக்கா பக்கீர்
பதில் செயலாளர்