ஏலக்காய்ச் சல்லடைத் தாளம்

வியாழன், இரவு

உலக மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: போடிநாயக்கனூரின் முதல் மின்னிசைக் குழுவில் இன்று மாலை முதல் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அது நான்.

நாலு பேரா ஆரம்பிச்சோம். ரெண்டு பேரை டியூசன் விழுங்கிருச்சு. இன்னைக்குப் பாண்டியும் பஸ் ஸ்டாண்டுல வெச்சுச் சொல்லிட்டான்.

"மாப்ளே, அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குக் கூப்பிடுது. நாளைக்குக் கெளம்புறேன்."

"வெரசா போ. ஐஸ்லாந்துல ஒரு குழு இருக்குடா. ஆளு வர்றதும் போறதுமா இருந்தாலும் வருசக்கணக்கா கம்ப்யூட்டர்ல பாட்டுப் போட்டுக்கிட்டேதான் இருக்காங்க. பள்ளிக்கூட ஆண்டுவிழால நான் ஒத்தையாளாவே வாசிப்பேன்."

"உனக்கென்னப்பு, மூணு ராத்திரி முழிச்சு நம்ம மொதப் பாட்டுக்கு ஏலக்காய்ச் சல்லடைத் தாளத்தையே போட்டவன். இன்னொண்ணு போடமாட்டியா?"

அந்த வார்த்தைதான் தூங்க விடமாட்டேங்குது. ஆனாலும் பின்வாங்கப் போறதில்லை. விழாவுக்கு எட்டு நாள் இருக்கு, அதுக்குள்ள ரெண்டாவது பாட்டு வந்தே தீரணும். நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரா அப்பாவோட ஏலக்காய்க் குடோனுக்குப் போய், அங்க காய் சலிக்கிற அமுதா அக்காவைக் குழுவுல சேரச் சொல்லிக் கேக்கப் போறேன். 'போயி உன் சோலியைப் பாருடா'ன்னு விரட்டினாலும் நகரமாட்டேன்.

ஏன்னா, இங்க மட்டும் எழுதுறேன், மூணு ராத்திரி முழிச்சதெல்லாம் பொய். அன்னைக்குக் குடோன்ல ரெக்கார்டிங்கை நிறுத்தாம போனை மூட்டைமேல மறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து கேட்டப்ப, சல்லடை ஆடுற சத்தமே தாளமா போனுக்குள்ள இருந்துச்சு. போட்டது அமுதா அக்கா.