நடுவில் வந்த ஷட்டில்

மார்ச் 4, செவ்வாய்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற பல் டாக்டரம்மா இன்று பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, ரொட்டிக் கடை வாசலில் இருந்த இரண்டு குப்பைத் தொட்டிகளையும் சாய்த்துவிட்டார். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்ததால் கடை பிழைத்தது. "மேடம், எப்படி உங்க கால் அவ்வளவு சீக்கிரம் போச்சு?" என்று ஸ்டியரிங்கை விடாமல் கேட்டார். "பாட்மின்டன் ஆடின கால், டாக்டர். சும்மா இருக்குமா?" என்றேன். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். உள்ளதைத்தானே சொன்னேன்.

சாயங்காலம் விளையாட்டுக் கழகச் செயலாளர் என் டிரைவிங் ஸ்கூலுக்கே தேடி வந்தார். "நம்ம ஹால் சுவர்ல இந்த வருஷம் உங்க படம் மாட்டறோம் மேடம். ஏப்ரல் ஆறாம் தேதி விழா."

அந்தச் சுவர் எனக்குத் தெரியாதா! மாரத்தான் ஓடிய தபால்காரர், கடலில் நீந்திய டீச்சர், பளு தூக்கிய ரொட்டிக் கடைக்காரர் (இன்று தொட்டி போனது அவருடையதுதான்) என்று இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என் படம் ஏன் இத்தனை வருஷம் அங்கே இல்லை என்பதுதான் என் கேள்வி.

"எங்க ரெண்டு பேர் படமும்தானே?" என்றேன்.

கழுத்தைச் சொறிந்தார். "உங்களது மட்டும்தான் மேடம்."

"நாங்க டபுள்ஸ் ஆடினவங்க. ஒத்தை ஆளை எப்படி மாட்டுவீங்க? பாதி கோர்ட்டையா?"

"வீட்டுல கேட்டுப் பாருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, வாங்கிக் கொடுத்த டீயைக்கூட முடிக்காமல் ஓடிவிட்டார். வீட்டில் என்ன கேட்பது?

மார்ச் 6, வியாழன்

இவரிடம் கேட்டாயிற்று. வாயே திறக்கவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், தானே இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி முழிக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

கடைசியில் வாயைப் பிடுங்கிவிட்டேன். கழகத்தில் எங்கள் இரண்டு பேரையும்தான் தேர்ந்தெடுத்தார்களாம். இவர் தங்கச்சிதான், "அண்ணிக்கு மட்டும் குடுங்க, எனக்கு வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன மாசமே. என்னை நடுவுல இழுக்காதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கு வந்ததே கோபம். கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். பெரிய தியாகி! நான் தனியாகப் போய் மேடையில் நின்றால் ஊர் என்ன சொல்லும்? கூட ஆடினவளைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறாள் பார் என்று சொல்லும். அவள் இல்லாமல் நான் என்னத்தை ஜெயித்தேன்? ஒரு சிங்கிள்ஸ் கோப்பைகூட என் வீட்டில் கிடையாது.

நாத்தனார் ஆவதற்கு முன்னால் அவள் என் ஜோடி. நான் ஒட்டகச்சிவிங்கி மாதிரி. அவள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஊரே எங்களை நெட்டை, குட்டை என்றுதான் கூப்பிட்டது, நாங்களும் ஒருத்தியை ஒருத்தி அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். அவள் வீட்டுக்குப் போய்வந்ததில்தான் இவரைப் பார்த்தேன், கட்டிக்கொண்டேன். அப்புறமும் அவளுக்கு நான் நெட்டைதான். மாமியார் எத்தனை அதட்டியும் அண்ணி என்று அவள் வாயில் வரவே இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோர்ட்டில் பேசமாட்டோம். மற்ற ஜோடிகள் "என்னுது", "நீ எடு" என்று காது கிழியக் கத்துவார்கள். எங்களுக்கு அது இளக்காரம். யார் எடுக்கவேண்டும் என்று கத்தித் தெரிந்துகொள்கிறவர்கள் என்ன ஜோடி? எங்களுக்குத் தெரியும். எப்போதும் தெரிந்தது.

நாட்டிலேயே பெரிய போட்டி, ஃபைனல், கடைசி பாயிண்ட். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை. நான் இடதுகை, வலப்பக்கம் நிற்கிறேன். அவள் வலதுகை, இடப்பக்கம் நிற்கிறாள். இரண்டு பேர் மட்டையும் நடுவைப் பார்த்து இருக்கிறது. ஷட்டில் நேராக நடுவில் வந்தது, குழந்தைகூட எடுத்திருக்கும். இரண்டு பேரும் எடுக்கவில்லை. இரண்டு பேர் மட்டைக்கும் நடுவில் பூ மாதிரி விழுந்தது.

ரயிலில் திரும்பி வரும்போது பேசவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தவள், "அண்ணி, தண்ணி குடுங்க" என்றாள். அண்ணி! இருபத்திரண்டு வருஷமாக அந்த அண்ணிதான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உட்காருங்க அண்ணி, சாப்பிடுங்க அண்ணி, வரேன் அண்ணி. அந்த ஷட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மட்டையையும் அதோடு இரண்டு பேரும் தொடவில்லை.

மார்ச் 12, புதன்

போனேன். அவள் கண்ணாடிக் கடைக்கு, கண் பரிசோதனை செய்துகொள்ள. சும்மா போய் நிற்க எனக்கென்ன வேலையில்லையா? உண்மையிலேயே கொஞ்ச நாளாக லைசென்ஸ் ஃபாரங்களில் பொடி எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது.

உள்ளே இருட்டு அறை. முகவாயை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி, கனமான சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டினாள். நான் எழுந்து ஓடவும் முடியாது, அவள் வேலையை விட்டுப் போகவும் முடியாது. நல்ல இடம்.

"கீழ் வரி படிங்க அண்ணி."

"சுவர்ல ஏறமாட்டேன்னு சொன்னியாமே?"

"தலையை ஆட்டாதீங்க."

"தலை ஆடல. வாய்தான் ஆடுது. ஏன் வேணாம்னு சொன்னே?"

வில்லையை மாற்றினாள். "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?"

"ரெண்டும் மங்கல். பதில் சொல்லுடி."

டி போட்டுவிட்டேன். எத்தனை வருஷம் கழித்து! பெட்டியில் வைக்கப்போன வில்லையை அவள் வைக்காமல் திரும்பினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "படம் மாட்டுவாங்க, கைதட்டுவாங்க. அப்புறம் யாராவது ஒருத்தர் எழுந்து கேட்பார், அந்தக் கடைசி பாயிண்ட்டு யாரு எடுக்கவேண்டியதுன்னு. உங்க பக்கத்துல நின்னுக்கிட்டு நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லு. உன்னுதுன்னு சொல்லு."

"என்னது? என்னுதா?" வில்லை மேசையில் டொக்கென்று விழுந்தது. "உங்களுது அண்ணி அது! நான் நெட்டுக்குப் போய் ஓடி வந்து அப்பதான் நிக்கறேன், மூச்சு வாங்குது. நீங்க கல்லு மாதிரி நின்னு வேடிக்கை பார்த்தீங்க!"

"வேடிக்கையா? நீ எடுப்பேன்னுதான் நான் விட்டேன்!"

"நீங்க எடுப்பீங்கன்னுதான் நானும் விட்டேன்!"

"அப்ப உன்னுதுதான்!"

"உங்களுது!"

கதவு லேசாகத் திறந்தது. வெளியே காத்திருந்த பெரியவர் தலையை நீட்டி, "அம்மா, நான் வேணா நாளைக்கு வரட்டுமா?" என்றார்.

"உட்காருங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். பாவம், உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள், எனக்குத் தெரியும். வில்லையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மேடையில கதை சொல்ல எனக்கு வராது. ஒரே ஒரு கேம், இப்ப நம்ம கழகத்துல ஜெயிக்கிற பொண்ணுங்களோட, விழா அன்னைக்கே, எல்லார் முன்னாடியும் ஆடுவோம். மானம் போகாம ஆடிட்டா நானும் சுவர்ல ஏறறேன். போச்சுன்னா நீங்களும் ஏறக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"முட்டி தாங்குமா?"

"அது என் முட்டி. நீ உன்னைப் பாரு."

எனக்குப் படிக்கக் கண்ணாடி தேவைதானாம். பொடி எழுத்துக்கு மட்டும்.

மார்ச் 13, வியாழன்

தொண்டை கட்டிக்கொண்டது. மனசு என்னமோ லேசாக இருக்கிறது.

மார்ச் 22, சனி

முதல் பயிற்சி, காலையில் ஹாலில். பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்தேன், அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு தனியாக வந்துவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த பத்து நிமிஷத்தில் அவளுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. நான் சிரித்தேன். கணக்குச் சரியாகிவிட்டது.

கால் போகும் என்று நினைத்த இடத்துக்கு அரை அடி முன்னாலேயே நின்றுவிடுகிறது. ஆனால் கை மறக்கவில்லை. என் ஸ்மாஷ் இன்னும் விழுகிறது, தரை அதிர்கிறது. நானே சொல்லிக்கொள்ளவேண்டியிருக்கிறது, வேறு யார் இருந்தார்கள் அங்கே?

சர்வீஸ் போடும் முன் அவள் முன்னால் நின்று, இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் குட்டையாகப் போடப்போகிறாள். மூடிய கை என்றால் நீளமாக. இன்று அந்தக் கை மூடியதைப் பார்த்தவுடன் என் கால் தானாகப் பின்னால் போய்விட்டது. அழுகை வந்துவிட்டது. வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

"சூப்பர் அண்ணி" என்றாள்.

"கோர்ட்டுலகூட அண்ணியா?"

"வேற எப்படிக் கூப்பிடறதாம்?"

அவளுக்குத் தெரியும். கேட்டு வாங்கவா முடியும்?

மார்ச் 30, ஞாயிறு

எதிரில் ஆடப்போகிற பெண்கள் இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். பெரியவள் ரொம்பப் பணிவாக, "கவலைப்படாதீங்க ஆன்ட்டி, நாங்க மெதுவா ஆடறோம்" என்றாள்.

குட்டை நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மெதுவா ஆடினீங்கன்னா நாங்க கோர்ட்டை விட்டுப் போயிடுவோம். எங்களை அடிக்கிற மாதிரி ஆடுங்க."

இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

ஏப்ரல் 5, சனி

முட்டி வீங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லப்போவதில்லை. நாளைக்கு எனக்குச் சுவர்கூட வேண்டாம் போலிருக்கிறது. அவள் பக்கத்தில் நின்றால் போதும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இடதுகை விரலில் கட்டு. எழுத்து கோணலாகத்தான் வரும், பரவாயில்லை.

ஹால் நிரம்பி, ஜன்னலில்கூட ஆட்கள். பெண்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், ஆரம்பத்திலேயே எங்களை ஓட ஓட விரட்டினார்கள். பாதிவரை நாய் படாத பாடு. அப்புறம் குட்டையின் விரல்கள் வேலை செய்யத் தொடங்கின. ஒரு விரல், ஒரு விரல், மூடிய கை. நான் பின்னாலிருந்து இறக்கினேன். பல் டாக்டரம்மா நாற்காலியில் ஏறி நின்று கத்தினார். எட்டிப் பிடித்துவிட்டோம், ஒரு தரம் முந்தவும் செய்தோம். என்ன ஆட்டம்டா சாமி! இந்த வயதில் எங்களைப்போல் ஆடுகிறவர்கள் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்.

மறுபடியும் அவர்கள் ஒரு பாயிண்ட் முன்னால். கடைசி பாயிண்ட். நான் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். சின்னவள் அடித்தாள். நேராக நடுவில் வந்தது.

எனக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. "என்னுது!"

"நெட்டை, என்னுது!"

இரண்டு பேரும் பாய்ந்தோம். மட்டைகள் படாரென்று மோதின, அவள் மட்டை உடைந்து தொங்கியது, என் விரல் நசுங்கியது. ஷட்டில் அவள் ஷூமேல் விழுந்து உருண்டது. தோற்றுவிட்டோம்.

குட்டை தரையில் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாள் என்று குனிந்தேன். சிரிக்கிறாள்! மூச்சு முட்டச் சிரிக்கிறாள். "ஏ நெட்டை, கை போச்சா?" என்றாள்.

அவ்வளவுதான். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா, அழுதேனா? அழுதேன். ஊர் முழுக்கப் பார்க்க அழுதேன். கைதட்டல் அப்புறம்தான் கேட்டது. அந்தப் பெண்கள் இரண்டு பேரும் வலைக்கு அடியில் புகுந்து ஓடி வந்து எங்களைத் தூக்கிவிட்டார்கள்.

செயலாளர் மைக்கோடு தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், அப்ப சுவர்ல... ஒரு படமா, ரெண்டு பேருமா?"

குட்டை என் விரலைப் பிடித்து நீவிக்கொண்டே சொன்னாள்: "தோத்துட்டோம், மானம் போகல. ரெண்டு பேரையும் மாட்டுங்க. பிரிச்சு மாட்டினீங்கன்னா கழட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று படம் ஏறியது. கோப்பையோடு நிற்கிற பழைய படத்தைத்தான் செயலாளர் கேட்டார். குட்டை ஒற்றைக்காலில் நின்று, அன்றைக்கு இவர் போனில் எடுத்த படத்தையே பெரிதாக்க வைத்தாள். இவர் எடுத்ததால் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மட்டைகள் ஒன்றில் ஒன்று சிக்கியிருக்கின்றன. தபால்காரரும் டீச்சரும் ரொட்டிக் கடைக்காரரும் அழகாகச் சிரிக்கிற வரிசையில், எங்கள் இரண்டு பேர் வாயும் தொண்டைக்குழி தெரியத் திறந்திருக்கிறது. அடியில் எங்கள் பெயர்கள், ஒரே வரியில்.

பல் டாக்டரம்மா வந்திருந்தார், லைசென்ஸ் வாங்கிய பெருமையில் தானே வண்டி ஓட்டிக்கொண்டு. படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "உண்மையில அந்த ஷட்டில் யாருது?" என்று கேட்டார்.

"என்னுது" என்றேன்.

அதே நேரத்தில் அவளும் சொன்னாள், "என்னுது."

வீடு வந்து சேரும்வரை அதே சண்டைதான். இவர் பின் சீட்டில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.