பதினேழாம் நம்பர் மருந்தும் நோன்பிருந்த எலிகளும்

மச்சான்,

பக்கத்து வீட்டில் கோழிக்குத் தீன் கிளறுகிறார்கள். வறுத்த தவிடும் கருவாட்டுத் தூளும் சுடுதண்ணீரில் குழைகிற வாடை மதிலைத் தாண்டி வந்து, அசர் தொழுதுவிட்டுச் சாய்ந்திருந்த என்னை எழுப்பி உட்கார வைத்துவிட்டது. நோன்பு வயிற்றுக்கு ஆகாத வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டேன், பொத்தியபடியே சிரித்தும் விட்டேன். லேஞ்சியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, "அல்லாட காவல், இந்த மணத்துக்கே நோன்பு முறிஞ்சிரும்டா" என்று எலிக்கூட்டின் முன்னால் நீ நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்துவிட்டது.

நீ மௌத்தாகிப் பத்து மாதம். ஜனாஸாவுக்கு வந்தேன், மண் போட்டேன், திரும்பி வந்தேன். உன்னோடு கதைக்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கதைக்காமலே உன்னை அனுப்பிவிட்டேன். இந்தக் கோழித்தீன் வாடை இன்று என்னை விடுகிறதாக இல்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் அந்த இரசாயன ஆய்வுகூடத்தில் நம் கிழக்குக் கரைப் பக்கத்து ஆட்கள் நாம் இரண்டு பேர்தான். நான் சாய்ந்தமருதில் மீன்காரர் மகன், நீ மருதமுனையில் நெசவு நூலுக்குச் சாயம் போடுகிறவரின் மகன். புற்றுநோய்க்குப் புது மருந்து செய்து பார்க்கும் வேலையைப் பேராசிரியர் நம் தலையில் கட்டினார். கட்டியைக் கொல்லும் நஞ்சு இருந்தது, போர்க்காலத்து நச்சுவாயுவுக்கு உறவுக்காரன். ஆனால் அது கட்டியையும் கொல்லும், ஆளையும் கொல்லும். அந்த நஞ்சை ஒரு சாயப்பொருளோடு பிணைத்து, கட்டிக்குள் போன பிறகு மட்டும் அவிழும்படி செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. எனக்கு அது விளங்க ஒரு மாதம் எடுத்தது. நீ ஒரே மூச்சில் சொன்னாய்: "நூலைப் புடிக்கணும், கையைப் புடிக்கப்படா. இது என்ட வாப்பாட வேலைதான்டா."

பதினாறு மருந்து செய்தோம், பதினாறும் மண்ணாய்ப் போயின. ஒன்று தாராக இறுகிக் குடுவையோடு ஒட்டிக்கொண்டது. ஒன்று எதிலும் கரையவில்லை. இன்னொன்று இரண்டே நாளில் எலிகளைக் கொன்றது. உன் விரல்கள் எந்நேரமும் மஞ்சள். விடுதிச் சமையல்காரர், "தம்பி, மஞ்சள் அரைக்கிற வேலையா?" என்று கேட்க, "ஓம், கலியாண வீட்டுக்கு" என்றாய் நீ. பதினேழாவது செம்மஞ்சள் நிறத்தில் பளபளவென்று படிகமாக விழுந்தபோது நீ போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் தீப்பிடித்ததென்று ஓடி வந்தார்கள்.

அந்த வருடம்தான் என் ராத்தாவின் மார்பில் கட்டி. இரண்டு பெண்பிள்ளைகளோடு கைம்பெண்ணாக இருந்தா. கொழும்புக்கு வந்து ஒப்பரேஷன் செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். "ஆம்புள டொக்டர்மாருக்கு முன்னால நான் எப்பிடிடா மேலக் காட்டுற? என்ட தம்பி மருந்து செய்றான். அது வரட்டும், குடிக்கன்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டா. ஒவ்வொரு கிழமையும் கட்டி வளர்ந்தது. அதன் பிறகு பதினேழாம் நம்பர் எனக்கு ஆராய்ச்சி அல்ல, ராத்தாவின் உயிர்.

நோன்பு தொடங்கும்போது, கட்டி வைத்து வளர்த்த எலிகளுக்குப் பதினேழாம் நம்பரைக் கொடுக்கத் தொடங்கினோம். மருந்து கொடுத்த கூடு நம் அறையில், நம் பொறுப்பு. மருந்து கொடுக்காத கூடு அடுத்த அறையில், பியோனின் பொறுப்பு. இரண்டுக்கும் காலையிலும் பின்னேரமும் தீன் போட வேண்டும். நம் கூட்டுக்குத் தீன் குழைக்கிற வேலை உன்னுடையது. சித்திரை வெயிலில், நோன்போடு, அந்த வாடை உனக்குத் தாங்கவில்லை. காலைத் தீனை நிறுத்திவிட்டு, நோன்பு திறக்கிற நேரத்துக்கு இரட்டிப்பாகப் போடுவதாகச் சொன்னாய். "நாம நோன்போட நிக்கக்குள்ள இதுகளும் கொஞ்சம் பொறுக்கட்டுமே" என்றாய். சிரித்துவிட்டுத் தலையாட்டினேன்.

நோன்பு முடிய, நம் கூட்டு எலிகளின் கட்டிகள் மற்றக் கூட்டினதில் பாதிகூட இல்லை. எலிகள் மெலிந்திருந்தன, அதையும் மருந்தின் கடுமை என்று குறிப்பில் எழுதினோம். நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். நான் அழுதேன். பெருநாளைக்கு ஊருக்குப் போகும்போது, யாரிடமும் கேட்காமல் ஒரு சின்னப் போத்தலில் பதினேழாம் நம்பரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

பெருநாளன்று புதுச் சட்டையோடு மருதமுனையிலிருந்து சைக்கிள் மிதித்து எங்கள் வீட்டுக்கு வந்தாயே, ஞாபகமா? ராத்தா வட்டிலப்பத்தை வெட்டி உன் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னா: "ரெண்டு பேரும் நோன்புல மெலிஞ்சி எலும்புந்தோலுமாப் போயிரிக்கீங்க. தின்னுங்க தம்பி."

வாய்க்குக் கொண்டுபோன உன் கை அப்படியே நின்றது. "மச்சான், வெளிய வா" என்று எழும்பிவிட்டாய்.

கிணற்றடியில் என்னை நிறுத்திக் கேட்டாய்: "நம்மட எலியும் மெலிஞ்சிதானே போச்சி?"

"அது மருந்தால."

"மருந்தாலயா? மற்றக் கூட்டுக்கு ரெண்டு வேளை தீன். நம்மட கூட்டுக்கு ஒரு வேளை. இரட்டிப்பாப் போடுறன் எண்டுதான் சொன்னன். ஆனா பாங்கு கேட்டதும் ஒரு கை அள்ளி எறிஞ்சிட்டு ஓடினன்டா. தீன் இல்லாட்டி உடம்பு வளராது. கட்டி மட்டும் எப்பிடி வளரும்?"

"வாய மூடுடா. ராத்தா நம்பிக்கையோட இரிக்கா."

"அதுக்குத்தான் சொல்றன்" என்று உள்ளே நடந்தாய். உன் கையைப் பிடித்து இழுத்தேன், புதுச் சட்டையின் தோள் தையல் பிரிந்தது. நீ நிற்கவில்லை.

"ராத்தா, அந்த மருந்து இன்னம் மருந்தில்ல. எலிக்குத் தீன் குறைச்சது என்ட பிழை. அத நம்பி நீங்க இரிக்கப்படா."

ராத்தா உன்னை ஏறிட்டுப் பார்த்தா. பிறகு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "அப்ப எலிகளும் நோன்பா?" சிரித்துச் சிரித்துக் கண் நிறைந்து, முக்காட்டு நுனியால் அதைத் துடைத்துவிட்டு, என்னிடம் அல்ல, உன்னிடம் கேட்டா: "பொறகு, கொழும்புக்கு எப்ப போற?"

ஒப்பரேஷன் நடந்தது. பதினொரு வருடம் இருந்தா, மச்சான். இரண்டு பிள்ளைகளுக்கும் தானே நின்று கலியாணம் முடித்தா. ஒவ்வொரு நோன்புக்கும் உன்னைக் கண்டால், "உங்கட எலியெல்லாம் நோன்பா தம்பி?" என்று கேட்காமல் விட்டதில்லை. நீயும் ஒவ்வொரு முறையும் புதுமாப்பிள்ளை போல் வெட்கப்படுவாய்.

திரும்பிப் போய் இரண்டு கூட்டுக்கும் ஒரே அளவு தீன் போட்டுப் பார்த்தோம். கட்டிகளில் வித்தியாசமே இல்லை. ஆறாம் கிழமை மருந்துக் கூட்டில்தான் எலிகள் வரிசையாகச் செத்தன. ராத்தாவுக்கென்று கொண்டுபோன அந்தச் சின்னப் போத்தல் மூடி திறக்காமலே என் பெட்டிக்குள் கிடந்தது.

தீனைக் குறைத்தது ஆர் என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் கத்தினார். "நான்தான் சேர். எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாய். இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்குப் போக உனக்கென்று பேசி வைத்திருந்த இடம் எனக்கு வந்தது. நீ ஊருக்கு வந்து பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தாய். நான் கப்பலேறப் போகும்போது செம்மஞ்சள் கரை போட்ட சாரம் ஒன்று தந்தாய். "பதினேழாம் நம்பர்ர நிறம். நஞ்சில்லாதது, பயப்படாம உடு" என்றாய். எப்படி மச்சான் உன்னால் சிரிக்க முடிந்தது?

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். நம் கூட்டுக்குத் தீன் மா போட்டு வைக்கிற பெரிய பிஸ்கட் டின் ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய அதை நிரப்புவது என் வேலை. கிழமைக்கு ஒரு டின் முடியும். அந்த நோன்பின் இரண்டாம் வெள்ளி மூடியைத் திறந்தேன். பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. எனக்கு விளங்காமல் இல்லை. எலிகள் பாதிப் பட்டினி என்று அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. ராத்தாவின் முகம் முன்னால் வந்து நின்றது. மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்தேன்.

பேராசிரியர் கத்தியபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தான். பிறகு இங்கிலாந்திலும் கொழும்பிலும் எத்தனையோ மருந்து செய்தேன், எத்தனையோ எலிக்கூடு பார்த்தேன். யார் நல்ல முடிவோடு ஓடி வந்தாலும் நான் முதலில் கேட்பது, "தீன் போட்டது ஆர், எத்தனை மணிக்கு?" என்பதுதான். கிழவனுக்குப் பைத்தியம் என்று பெடியன்கள் சிரிப்பார்கள். உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தேன்.

இன்றைக்குத்தான் இன்னொன்றும் பொறி தட்டியது. அந்த வெள்ளி நான் டின்னை நிரப்பவில்லை. அடுத்த நாள் அதே டின்னில் கைவிட்டு அள்ளியவன் நீ. கிணற்றடியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த உனக்கு, டின் நிரம்பாததும் நான் அதைத் திறந்து பார்த்துவிட்டதும் மட்டும் தெரியாமலா போயிருக்கும்? தெரிந்துகொண்டுதான் "எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாயா? தெரிந்துகொண்டுதான் அந்தச் சாரத்தைத் தந்தாயா?

பாங்கு சொல்கிறார்கள். கையில் ஈத்தம்பழம் இருக்கிறது. அதை வாயில் வைக்கும் முன் சொல்லிவிடுகிறேன். டின்னைத் திறந்து பார்த்தேன், மச்சான். எனக்கும் தெரியும்.