இடைக்கால சாம்பியன்

ஃப்ளின்ட், மிச்சிகன்
மார்ச் 4

அன்புள்ள க்ளிஃப்டன்,

நான் நலம். மகள் ஜனேயும் நலம். பயிற்சி முகாமில் எல்லார் போனையும் வாங்கிப் பூட்டிவிட்டதாக உன் பயிற்சியாளர் ஓடெல் சொன்னார். அதனால் காகிதம்.

சனிக்கிழமை உன் சண்டையைப் பார்க்க மூன்று பார்களில் ஏறி இறங்கினேன். எல்லாவற்றிலும் கூடைப்பந்து. மூன்றாவது இடத்தில் பார்க்காரனிடம் சேனலை மாற்றச் சொல்லிக் கேட்டேன்.

“குத்துச்சண்டையா? அதெல்லாம் இன்னும் நடக்குதா?”

“என் புருஷன் இன்னிக்குச் சண்டை போடுறாரு.”

“அப்படியா? உதைக்கிற சண்டைதானே, எந்தக் கூண்டுல?”

“கூண்டு இல்லப்பா. ரிங்கு.”

“ஓ. பழசு.”

சேனலை மாற்றவில்லை. நீ ஜெயித்தது மறுநாள் ஓடெல் சொல்லித்தான் தெரியும். சாம்பியன் பெல்ட்டும் கிடைத்துவிட்டதாமே.

வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு படுத்திருந்தபோது நீ சொன்னாய்: “ஒரு தடவ சாம்பியன் ஆயிடறேன் இவெட். மறுநாளே விட்டுடறேன்.” அந்த மறுநாள் வந்து போய்விட்டது. சண்டை முடிந்து லாஸ் வேகாஸிலிருந்து வீட்டுக்கு வராமல் எதற்கு மறுபடி மலை முகாமுக்குப் போனாய்?

உன்,
இவெட்

*

பிக் பேர் மலை, கலிஃபோர்னியா
மார்ச் 11

இவெட்,

நான் ஆனது இடைக்கால சாம்பியன். நிஜ சாம்பியனுக்குத் தோள்பட்டையில் காயம். அவன் திரும்பும்வரை ஓர் ஆள் வேண்டுமே என்று எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் உனக்குச் சொன்னது நிஜமானதை. இதையல்ல.

கோபித்துக்கொள்ளாதே. எனக்கே கோபம்தான். சூதாட்ட விடுதியின் அரங்கம், பாதி நாற்காலி காலி. ஆறாம் சுற்றில் என் இடதுகைக் குத்து ஒன்று நன்றாக விழுந்தது. முன்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று கத்தினான். எனக்கென்று நினைத்தேன். அவன் போனில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

விமான நிலையத்தில் பையைச் சோதித்த அம்மாள் பெல்ட்டை வெளியே எடுத்தாள். “மல்யுத்தமா? என் மவனுக்கு உசுரு. ஒரு போஸ் குடுங்க.” கொடுத்தேன்.

ஜூனில் நிஜ சாம்பியனோடு மோதுகிறேன். அதை எல்லாரும் பார்ப்பார்கள்.

கண் நன்றாக இருக்கிறது. நீ கேட்பதற்குமுன் சொல்லிவிட்டேன்.

க்ளிஃப்டன்

*

ஃப்ளின்ட்
மார்ச் 19

க்ளிஃப்டன்,

முடிவெட்டும் லூசியஸ் கடைக்குப் போனேன். உன் எடைப் பிரிவில் யார் சாம்பியன் என்று ஒரு காலத்தில் கத்தியை நீட்டிக்கொண்டு சண்டைக்கு வருவாரே, அவரிடமே கேட்டேன்.

“எந்தச் சங்கத்துல கேக்குற? நாலு சங்கம் இருக்கு.”

“எங்காளு இருக்கிற சங்கத்துல.”

“அதுலயே மூணு பேரு. ஒருத்தன் சாம்பியன். அவனுக்கு மேல ஒருத்தன், சூப்பர் சாம்பியன். உங்காளு, லீவுல போன வாத்தியாருக்குப் பதிலா வந்தவரு.”

கடையே சிரித்தது. பிறகு அவரே, “கோவிச்சுக்காத தங்கச்சி. யாரு பெரியவன்னு அவங்களுக்கே தெரியல. நான் எதுக்கு ராத்திரி முழிச்சுக் கெடக்கணும்? ஃபுட்பாலோட நிறுத்திக்கிட்டேன்” என்றார்.

உனக்கு மேலே இன்னொருவன் இருப்பதை நீ ஏன் எழுதவில்லை?

உன் கடிதத்தில் வலது ஓரத்துக்கு வந்ததும் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஜனே பார்த்துவிட்டு, “அப்பா பஸ்ல உக்காந்து எழுதினாரா?” என்று கேட்டாள்.

இவெட்

*

பிக் பேர் மலை
ஏப்ரல் 2

இவெட்,

சாம்பியன் ஓய்வு பெற்றுவிட்டான். தோள்பட்டை குணமாகவில்லையாம். இன்றிலிருந்து நான் முழு சாம்பியன் என்று சங்கத்திலிருந்து மின்னஞ்சல். காலை ஓட்டத்தில் ஓடெல் சொன்னார்: “வாழ்த்துகள். இன்னும் ரெண்டு மைலு.”

யாரையும் அடிக்காமல் சாம்பியன். இதையா நீ கேட்டாய்?

லூசியஸ் சொல்வது சரி. அதனால்தான் சொல்கிறேன். ஆகஸ்டில் அந்த சூப்பர் சாம்பியனையும் வீழ்த்திவிட்டால் எங்கள் சங்கத்திலாவது ஒரே ஆள்தான். அப்போது லூசியஸ் பார்ப்பார். எல்லாரும் திரும்பி வருவார்கள். இந்த ஒரு சண்டை மட்டும்.

உரிமம் புதுப்பிக்கும் கண் பரிசோதனையும் முடிந்தது. வலது கண்ணுக்கு எழுத்து அட்டை மங்கல்தான். ஆனால் அந்த எழுத்துகள் எனக்குத் தலைகீழாகப் பாடம். சிரி.

க்ளிஃப்டன்

*

ஃப்ளின்ட்
ஏப்ரல் 9

க்ளிஃப்டன்,

சிரிப்பு வரவில்லை.

முன்பு பார்த்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள். உன்னை வெறுத்துப் போகவில்லை அவர்கள். வேறு எதையோ பார்க்க ஆரம்பித்து, மறந்துவிட்டார்கள். மறந்தவர்களிடம் எதை நிரூபிப்பாய்?

நான் மறக்கவில்லை. மூன்று பார் ஏறியவள் நான். ஆகஸ்டிலும் ஏறுவேன், அதற்கடுத்து இன்னொரு பெயரில் இன்னொருவன் வருவான், அதற்கும் ஏறுவேன். நீ படிப்படியாக இருட்டுக்குள் போவதைப் பார்க்க.

இன்று காலை, உரிமம் கொடுக்கும் குத்துச்சண்டை ஆணையத்தின் மருத்துவரைப் போனில் கூப்பிட்டேன். உன் பெயரைச் சொன்னேன். அட்டையை மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். “நீங்க அவருக்கு யாரு?” என்றார். மனைவி என்றேன். வேறு அட்டை வைத்துப் பார்ப்பார்களாம். அதில் தேறாவிட்டால் உரிமம் கிடையாது, எந்த மாநிலத்திலும்.

இந்தக் கடிதம் உனக்கு வருமுன் ஆணையத்தார் ஓடெலை அழைத்திருப்பார்கள். யார் சொன்னது என்று நீ தேட வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நீ மன்னிப்பாய் என்றும் நினைக்கவில்லை. ஜனேயைச் சாயங்காலங்களில் அக்கா வீட்டில் விட்டுவிடுகிறேன். நீ கத்தினால் அவள் கேட்க வேண்டாம்.

வந்து கத்து.

இவெட்