தாங்கிய கயிறு

மச்சான், இன்று காலை எங்கள் தெருவில் ஒரு கிரேன் வந்து நின்றது. எதிர் வீட்டு மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்ற வந்தது. கம்பிக்கயிற்றில் பூசிய கிரீஸ் வெயிலில் இளகி, அந்த வாசனை ஜன்னல் வழியே என் கட்டில்வரை வந்துவிட்டது. மகன் மறைமலைநகரில் கட்டிய வீட்டில் இப்போது நானும் கட்டிலுமாக இருக்கிறேன். முட்டி இரண்டும் போய்விட்டன. எப்படியோ எழுந்து ஜன்னலுக்குப் போனேன். தொட்டி அந்தரத்தில் தொங்குகிறது, அதற்கு நேர் கீழே ஒருவன் நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறான். தள்ளிப்போ என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தான். அதற்குமேல் கத்த எனக்கு மூச்சில்லை. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், தெரியும். வேறு யாரிடம் சொல்வது?

எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உப்பங்கழியின் மேல் பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். நான் செங்கல்பட்டிலிருந்து வந்த கிரேன் ஆப்பரேட்டர். நீ கழிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரன். சுமைக்குக் கயிறு கட்டி எனக்குக் கை காட்டுவது உன் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே திமிர். என் இருக்கையிலிருந்து பாதி நேரம் சுமையே தெரியாது, உன் கை மட்டும்தான் தெரியும். கட்டிய பெண்டாட்டியைக்கூட நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று ஒருமுறை சொன்னேன். "அதான் உன் வூட்ல டெய்லி சண்ட" என்றாய்.

ஆரம்பத்தில் கை காட்டுவதெல்லாம் இல்லை, எல்லாம் வாய்தான். ஒரு நாள் கான்கிரீட் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கீழே நின்ற உங்கள் குப்பத்து ஆள், கயிறு நழுவுவதைப் பார்த்துவிட்டு "வுடு, வுடு" என்று அலறினார். போதும், அதோடு விட்டுத்தொலை என்பது அவர் சொன்னதன் பொருள். எனக்கு வுடு என்றால் கீழே விடு. விட்டேன். பலகை போய் உட்கார்ந்த இடத்தில் எல்லோருடைய சாப்பாட்டுத் தூக்கும் வரிசையாக இருந்தது. ஆட்கள் கை கழுவப் போயிருந்ததால் தூக்கோடு போயிற்று. நசுங்கிய அலுமினியத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னிலேர்ந்து வுடுன்ற பேச்சே இங்க கெடயாது" என்றாய். "வாய மூடிக்கினு கைய காட்டு. அதுவும் ஒருத்தன்தான் காட்டணும். நிறுத்துன்னு மட்டும் எவன் வேணாலும் காட்டலாம். டீ எட்தாற ஆளு காட்னாலும் கிரேன் நிக்கணும்." அதன்பிறகு கொஞ்ச நாள் சாயங்காலம் பஸ் ஏறியதும் டிரைவரிடம் வண்டியை வுடு என்று சொல்லக்கூட ஆட்கள் பயந்தார்கள். உன்னைக் கிண்டல் செய்யத்தான்.

காலையில் வேலை தொடங்குமுன் நீ பழந்துணியைச் சுற்றிப் பிடித்துக் கம்பிக்கயிறு முழுவதும் உருவிக்கொண்டே போவாய். இழை அறுந்த இடத்தில் துணி மாட்டும். உப்புக்காற்றில் மேலே பளபளவென்று இருக்கிற கயிறுகூட உள்ளே துரு பிடித்திருக்கும் என்பாய். உத்தரத்தின் மூலை கயிற்றை அறுக்காமல் இருக்கச் சாக்கு மடித்து வைப்பாய். இதற்கெல்லாம் நேரம் போகிறது என்று ஓவர்சியர் முணுமுணுப்பார். சில நாள் எனக்கும் எரிச்சல்தான்.

அந்த நாள் வந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் கடைசி உத்தரத்தைத் தூணுக்குத் தூண் ஏற்றிவிட வேண்டும். ஓவர்சியர் கெட்டவர் இல்லை, மேலிருந்து அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். தூணின் தலையில் உத்தரத்தைப் பிடித்து உட்காரவைக்க மூன்று பேர் ஏறி நின்றார்கள். உன் துணி ஓரிடத்தில் மாட்டியது. கொஞ்சம் தள்ளி மறுபடியும் மாட்டியது. வேறு கயிறு வர இரண்டு நாளாகும் என்றார்கள்.

நீ இரண்டு கையையும் அகல நீட்டி எனக்கு நிறுத்து காட்டினாய். ஓவர்சியர் உன்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, விரலை மேலே சுழற்றித் தூக்கச் சொன்னார். என் எதிரில் இரண்டு பேர், இரண்டு கை. நான் என்ஜினை அணைத்தேன்.

"இன்னாய்யா, கயிறு அறுந்துடும்னு ஜோசியம் பாத்தியா?" என்று அவர் உன்னைக் கேட்டார்.

"தெரியாது சார்" என்றாய்.

"தெரியாதவனுக்கு இங்க இன்னா வேல? கணக்கு முடிச்சிக்கினு கெளம்பு."

அந்த வேலை உனக்கு என்னவென்று எனக்குத் தெரியும். உன் மாமனார் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மீன்பிடிக்கக் கட்டுமரத்தில் ஏறமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உன் மனைவி உன்னைக் கட்டினாள். பாலத்து வேலை போனால் உனக்குக் கடலைத் தவிர வேறு வழியில்லை. நீ துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கரைக்கு நடந்தாய்.

மறுநாள் என்னைக் கீழே இறக்கிவிட்டு, மெக்கானிக்கை ஏற்றி அதே கயிற்றால் உத்தரத்தைத் தூக்கினார்கள். கயிறு தாங்கியது. உத்தரம் அழகாகப் போய் உட்கார்ந்தது. மூன்று பேரும் இறங்கி பீடி பற்றவைத்தார்கள். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உன்னைக் காட்டி எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட உன்மேல் கோபம் வந்தது. கூசாமல் சொல்கிறேன், அது அறுந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். உன்னிடம் வந்து, "தாங்கிடுச்சேடா" என்றேன்.

"நல்லதுதான மச்சான். மூணு பேரும் வூட்டுக்குப் போவானுங்க" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாங்காதுன்னா சொன்னேன்? தெரியாதுன்னேன். தெரியாத கயித்துக்குக் கீழ ஆள நிறுத்தாத, அவ்ளோதான்" என்றாய்.

மெக்கானிக்கால் தினமும் ஓட்ட முடியவில்லை என்பதால் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். உன்னைக் கூப்பிடவில்லை. நீ அண்ணனோடு மரத்தில் ஏறினாய். உன் மனைவி என்னோடு பல வருடம் பேசவில்லை. அதில் தப்பு சொல்ல மாட்டேன். கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை, வயதாகி நெஞ்சுச் சளியில்தான் போனாய். ஆனால் அத்தனை வருடமும் அவளுக்கு அது தெரியாதே.

நான் அதன்பிறகு எத்தனையோ இடத்தில் ஓட்டினேன். துணி மாட்டினால், "தாங்குமா, தெரியாது" என்று சொல்லி இறங்கிவிடுவேன். தெரியாதுக்காரர் என்றே எனக்குப் பெயர் வைத்தார்கள். சில இடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சண்டை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது மச்சான். நடக்காமல் போன விபத்தை யாரிடம் காட்டுவது?

என் வயது ஆப்பரேட்டர்கள் எப்போதாவது செங்கல்பட்டில் சந்திப்போம். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு பெயரில் வந்து நிற்கும். ஒவ்வொருவரிடமும் ஒரு பெயர் இருக்கிறது, தன் கொக்கிக்குக் கீழே செத்துப்போன ஆளின் பெயர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். என் முறை வரும்போது நான் டீயைக் குடிப்பேன். என்னிடம் சொல்லப் பெயர் இல்லை. விடியற்காலையில் நீ மரம் தள்ளிப் போனபின், உன் மனைவி மணலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அதற்கு ஈடாகத்தான் என்னிடம் அப்படியொரு பெயர் இல்லாமல் போனது.